இருபத்தேழாம் தேதிக்கு நேரே ஒரு சைபர்

பம்பாய்
6-8-1967

மச்சான் சோலைச்சாமி அவர்களுக்கு,

சுந்தரபாண்டி எழுதுவது. நான் சுகம். அங்கே சுகமா என்று கேட்க மனம் வரவில்லை, அதனால் கேட்கவில்லை. அக்கா வெள்ளைத்தாயின் பதினாறாம் நாள் காரியத்தன்று உங்கள் வாசலில் நின்று, செத்தாலும் இந்த வீட்டுக்கு ஒரு வரி எழுதமாட்டேன் என்று சொன்னேன். அதை நான் மறக்கவில்லை. இப்போது எழுதுவது உறவுக்காக அல்ல, ஆபீஸ் வேலைக்காக.

நான் வேலை பார்க்கும் வானிலை ஆபீஸின் மொட்டை மாடியில் ஒரு ஏரியல் வைத்திருக்கிறோம். பூமியைச் சுற்றிவரும் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்று தினமும் காலையில் இந்தப் பக்கமாகப் போகும்போது, கீழே கிடக்கும் மேகங்களைப் படம் பிடித்து அனுப்புகிறது. அது எங்கள் மெஷினில் கோடு கோடாகக் காகிதத்தில் விழும். அந்தப் படத்தின்மேல் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வரைவது என் வேலை. குமரி முனை மட்டும் தெரிந்துவிட்டால் போதும், அதிலிருந்து அளந்து நம் ஊர் எங்கே என்று பென்சிலால் புள்ளி வைத்துவிடுவேன்.

படத்தில் மேகம்தான் தெரியும். அது பெய்ததா, ஆற்றில் எத்தனை அடி வந்தது, எத்தனை மணிக்கு வந்தது என்பதையெல்லாம் தரையில் நிற்கிறவர்தான் சொல்ல வேண்டும். மலையிலிருந்து இறங்கும் சின்ன ஆறுகள் சிலவற்றுக்கு இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓர் அட்டவணை போடும்படி என் மேலதிகாரி சொன்னார். போன வருஷத்து வறட்சி எத்தனை நாள் நீண்டது, வெள்ளம் எத்தனை மணி நேரத்தில் இறங்கியது என்று அதில் பார்க்கலாம். நான் அர்ச்சுனா நதியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏன் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆற்றில் நிற்கும் அளவுக்கல்லைப் பார்த்து நீங்கள் தினமும் எழுதுகிற பதிவேட்டில், போன வருஷம் ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரைக்கும் நகல் வேண்டும்.

பட்டாசுக் கம்பெனி சங்கரலிங்கம் முதலாளி இந்த ஐப்பசியிலும் ஆற்று மணலில்தான் வெடிக்குழாய் காயப்போடப் போகிறாராம். பஞ்சம்மாள் யாரிடமோ எழுதச் சொல்லிக் கார்டு போட்டிருந்தாள். அக்கா போன அன்று மணலில் இருந்த பன்னிரண்டு பெண்களில் அவளும் ஒருத்தி. தீபாவளி சீசனுக்கு முன்னால் அட்டவணை முடிந்தால், மலைமேல் மேகம் தெரிகிற அன்று இங்கிருந்தே தந்தி அடித்து அவர்களை மணலிலிருந்து ஏற்றிவிடலாம்.

சுந்தரபாண்டி

*

கீழக்கரிசல்குளம்
திருத்தங்கல் வழி
20-8-1967

மாப்பிள்ளை சுந்தரபாண்டிக்கு,

கடிதம் கிடைத்தது. செத்தாலும் எழுதமாட்டேன் என்றவன் உயிரோடு இருக்கும்போதே எழுதிவிட்டாய், சந்தோஷம். நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். நீ கேட்காததையும் நானே சொல்லிவிட்டேன்.

ஆகாசத்திலிருந்து எங்கள் ஆற்றைப் பார்க்க ஒருவன் கிளம்பியிருக்கிறான் என்பதைப் படித்துச் சிரிப்பு வந்தது. பக்கத்திலிருந்து பார்க்கிறவனுக்கே அது ஆறு என்று தெரியாது. வருஷத்தில் பத்து மாதம் ஆடு மேய்கிற இடம். காலை எட்டு மணிக்கு ஒரு தரம், மாலை ஐந்து மணிக்கு ஒரு தரம் கல்லைப் பார்த்து எத்தனை அடி என்று எழுத வேண்டும். தண்ணீர் இல்லாவிட்டால் சைபர். பதினோரு வருஷமாக நான் எழுதினதில் முக்கால்வாசி சைபர்தான். உன் அதிகாரிக்கு வறட்சிக் கணக்கு வேண்டுமென்றால் மூட்டை கட்டி அனுப்பலாம்.

நான்கு நாள் உட்கார்ந்து நகல் எடுத்தேன். இத்துடன் வைத்திருக்கிறேன். பதிவேட்டில் உள்ளது உள்ளபடி.

இன்னொன்று. இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன், ஆனால் சொல்வதற்கு வேறு ஆள் இல்லை. நான் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் உன் அக்கா ஒரே ஒரு வார்த்தைதான் கேட்பாள். "எம்புட்டு?" நான் "சைபர்" என்பேன். "ஆமா, ஊருக்கே சைபருதான்" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போவாள். இப்போதும் ஐந்தரை மணிக்கு நான் செருப்பைக் கழற்றும்போது அடுப்படியிலிருந்து அந்தக் குரல் கேட்கிறது. தெளிவாகக் கேட்கிறது. முதலில் பூனை என்று நினைத்தேன். பூனை எம்புட்டு என்று கேட்குமா?

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று எண்ணாதே. ஒரு நாள் தவறாமல் ஆற்றுக்குப் போய்வருகிறேன். கல்லுக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்து, கறுப்பில் இலக்கம் எழுதியிருக்கிறேன். கரையிலிருந்தே படிக்கலாம்.

சோலைச்சாமி

*

பம்பாய்
3-9-1967

மச்சான் அவர்களுக்கு,

நகல் வந்தது. ஒவ்வொரு நாள் படத்தையும் எடுத்து உங்கள் கணக்கோடு வைத்துப் பார்த்தேன். செப்டம்பரில் இரண்டு மழையும் பொருந்துகின்றன. நவம்பர், டிசம்பர் முழுக்கப் பொருந்துகின்றன.

1966 அக்டோபர் இருபத்தேழு, வியாழக்கிழமை. காலைப் படம் என் எதிரில் இருக்கிறது. நம் ஊர்ப் பக்கம் துடைத்துவிட்ட மாதிரி மேகமே இல்லை. நல்ல வெயில் அடித்திருக்கும், குழாய் நன்றாகக் காய்ந்திருக்கும். மேற்கே மலைமேல் மட்டும் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளை. அந்த நகத்துக்கு அடியில்தான் மழை கொட்டியிருக்கிறது. உங்களுக்கு அங்கே ஒரு சொட்டுகூட விழுந்திருக்காது.

உங்கள் பதிவேட்டில் இருபத்தேழு காலை சைபர். சரி. மாலை ஐந்து மணி சைபர். அதன்பிறகு இருபத்தெட்டு காலை சைபர், மாலை சைபர். இருபத்தொன்பது சைபர். முப்பது சைபர். முப்பத்தொன்றாம் தேதி காலையில்தான் ஒன்பது அங்குலம் என்று இருக்கிறது.

நான் பம்பாயிலிருந்து ரயிலேறி வந்து சேர்ந்தது முப்பதாம் தேதி. எனக்கு அக்கா முகத்தைக்கூடக் காட்டாமல் காரியத்தை முடித்திருந்தீர்கள். அன்றைக்கு ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

ஆற்றில் தண்ணீரே இல்லை என்றால் என் அக்கா எதில் மூழ்கிச் செத்தாள்?

பதில் எழுதுங்கள்.

சுந்தரபாண்டி

*

கீழக்கரிசல்குளம்
17-9-1967

சுந்தரபாண்டிக்கு,

நகல் கேட்டாய், கொடுத்தேன். விசாரணை வைக்க உன்னை யார் கூப்பிட்டார்கள்? பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் அந்த மூன்று நாளும் பேனாவை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரையில் நின்றிருப்பான் என்று எதிர்பார்க்கிறாயா? துக்கத்தில் எதையோ எழுதியிருப்பேன். பதிவேட்டில் ஒருமுறை எழுதியதை அடித்துத் திருத்தக்கூடாது என்பது சட்டம். அதனால் அப்படியே இருக்கிறது.

இருபத்தேழு மாலை ஐந்து மணிக்கு நான் பார்த்தேன். மணல் காய்ந்து கிடந்தது. தண்ணீர் வந்தது அதற்கு வெகுநேரம் கழித்து, ஆறு, ஆறரைக்கு. உன் அக்கா ஆட்டை ஓட்டிவரப் போனாள், வெள்ளம் இழுத்துக்கொண்டது. இதை நீ வந்த அன்றைக்கே உன்னிடம் சொன்னேன். சங்கரலிங்கம் முதலாளி கேட்டபோது அவரிடமும் சொன்னேன். வேறு எத்தனை பேரிடம் சொல்ல வேண்டும்?

பம்பாயில் உட்கார்ந்துகொண்டு நகத்தையும் விரலையும் வைத்து என்னை அளக்காதே. இனிமேல் இது பற்றி எனக்கு எழுத வேண்டாம்.

சோலைச்சாமி

*

பம்பாய்
25-9-1967

மச்சான்,

எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன்.

பஞ்சம்மாளிடம் கேட்டிருந்தேன். அவள் சொன்னதை அவள் மகன் கார்டில் அப்படியே எழுதியிருக்கிறான். "அக்கா கல்லுப்பக்கத்துல நின்னுச்சு. ஆடு ஒண்ணும் இல்ல. கல்லுல வெரலை வச்சுக்கிட்டே 'அரையடி, ஏறுது, ஏளா ஏறுங்கடீ'ன்னு சத்தம் போட்டுச்சு. நாங்க தட்டைப் போட்டுட்டுக் கரைக்கு ஓடுனோம். திரும்பிப் பாத்தா அக்காவுக்கும் கரைக்கும் நடுவுல தண்ணி போகுது. அப்பவும் ஒண்ணுன்னுச்சு, ஒண்ணரைன்னுச்சு. கடைசியா ரெண்டரைன்னு கேட்டுச்சு. அதுக்கப்புறம் கேக்கல. கம்பெனிச் சங்கு இன்னும் ஊதல."

கம்பெனிச் சங்கு ஐந்தரைக்கு. நீங்கள் ஆறு, ஆறரை என்கிறீர்கள்.

முதலாளியிடம் பஞ்சம்மாள் போய்ச் சொன்னாளாம். அவர் கேட்கவில்லை. "ஏளா, ஒங்ககிட்ட கெடியாரமா இருக்கு? ஆறரைக்குத்தான் தண்ணி வந்துச்சுன்னு அளவு எழுதுற சோலைச்சாமியே சொல்லியிருக்காரு, சர்க்கார் புத்தகத்துலயும் அஞ்சு மணிக்கு சைபருன்னு இருக்கு. நீங்க சங்கு ஊதுனதும் ஏறிருறீக, பெறவு என்ன பயம்?" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். உங்கள் சைபரை நம்பித்தான் இந்த வருஷமும் அவர்களை மணலில் உட்கார வைக்கிறார்.

என் அட்டவணையில் அந்த ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. ஐந்து மணிக்குச் சைபர் என்று நிரப்பினால், தந்தி எப்போது வந்தாலும் ஐந்தரைக்குள் ஏறினால் போதும் என்று ஆகிவிடும். அது தப்பென்றால் பன்னிரண்டு பேர் போவார்கள்.

மச்சான் என்று உங்களைக் கேட்கவில்லை. அக்கா புருஷன் என்றும் கேட்கவில்லை. தரையில் எனக்கு இருக்கிற ஒரே ஆள் நீங்கள்தான். அந்த நேரத்தை மட்டும் சொல்லுங்கள்.

சுந்தரபாண்டி

*

கீழக்கரிசல்குளம்
6-10-1967

மாப்பிள்ளை,

இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். இது நான்காவது.

நான் அன்றைக்கு ஆற்றுக்குப் போகவில்லை.

எங்கள் வழக்கத்தைச் சொல்கிறேன். ஆறு காய்ந்து கிடக்கிற மாதங்களில் திங்கட்கிழமை காலையிலேயே அந்த வாரம் முழுக்கச் சைபர் போட்டுக் கையெழுத்தையும் போட்டுவிடுவேன். நான் மட்டுமல்ல, எனக்குத் தெரிந்த கணக்கு எழுதுகிறவர்கள் பலரும் அப்படித்தான். இல்லாத தண்ணீரைத் தினமும் இரண்டு தரம் நடந்துபோய்ப் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று நினைப்பு. மழை வருகிற மாதிரி இருந்தால் மட்டும் எழுதாமல் வைப்பேன். அந்தத் திங்கட்கிழமை வானத்தைப் பார்த்தேன், வெளிச்சமாக இருந்தது. ஞாயிறு வரைக்கும் எழுதிவிட்டேன். நீ கண்ட சைபரெல்லாம் துக்கத்தில் எழுதியதல்ல. அவள் உயிரோடு அடுப்படியில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தபோது எழுதியது.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் கட்டிலில் படுத்திருந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. வெயில், அவ்வளவுதான். உன் அக்கா தோட்டத்திலிருந்து வந்தாள்.

"ஆத்துக்குப் போகலையா நீங்க?"

"போயி என்னத்தப் பாக்க? சைபருதான். எழுதியாச்சு."

"நாளைக்கு உள்ளதையுமா எழுதிட்டீக?"

"ஞாயித்துக்கெளமை வரைக்கும்."

அவள் சிரித்தாள். கோபமாகச் சிரிக்கவில்லை, உண்மையாகவே சிரித்தாள். "நல்ல ஆளுக நீங்க. ஆத்தையே உக்காருன்னு உக்கார வச்சுட்டீக. இருங்க, எழுதுனது நெசந்தானான்னு நான் ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன். இன்னைக்கு எம்புட்டுன்னு நான் வந்து சொல்றேன்" என்றாள். நான் சரி என்றுகூடச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். அவள் படியிறங்கும்போது ஐந்தடிக்க ஐந்து நிமிஷம். கல்லுக்குப் பத்து நிமிஷ நடை. சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே கூச்சல் கேட்டது. கணக்கை நீ போட்டுக்கொள்.

ஆட்டுக் கதையை நான்தான் கட்டினேன். அன்று ராத்திரியே வாயில் வந்துவிட்டது, அதன்பிறகு அதைத் திரும்ப விழுங்க முடியவில்லை. என் பொய்யைச் சரிபார்க்கப் போய்ச் செத்தாள் என்று உன்னிடம் எப்படிச் சொல்வேன்?

இதையும் கேட்டுக்கொள். கல்லில் இலக்கம் அழிந்துபோயிருந்தது. கரையில் நின்றால் தெரியாது, நடு ஆற்றுக்குப் போய் விரலால் தடவித்தான் படிக்க வேண்டும். பெயிண்ட் டப்பா நான்கு மாதமாகப் பரணில் இருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீ திட்டிவிட்டுப் போன மறுநாள் இறக்கி அடித்தேன். யாருக்காக அடித்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.

உனக்கு நகல் எடுத்தபோது இருபத்தேழுக்கு நேரே வேறு இலக்கம் போட்டிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? கை வரவில்லை. நீ கண்டுபிடித்துவிட வேண்டும் என்று எனக்குள்ளேயே ஒருவன் காத்திருந்தான் போல.

தினமும் ஐந்தரைக்கு அவள் என்ன கேட்கிறாள் என்று இப்போது உனக்குப் புரியும். அந்தந்த நாள் கணக்கை அவள் கேட்கவில்லை, தான் போன அன்றைக்கு உள்ளதைத்தான் கேட்கிறாள். நான் சைபர் என்று சொன்னதும் மறுபடி கேட்கிறாள். எம்புட்டு? எம்புட்டு? காதைப் பொத்தினாலும் கேட்கிறது. நான் மெய்யாகவே பயப்படுகிறேன், மாப்பிள்ளை.

சோலைச்சாமி

*

பம்பாய்
14-10-1967

மச்சான்,

உங்கள் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. மாடிக்குப் போய் ஏரியல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அன்றைக்குப் படத்தில் குமரி முனை எங்கே என்றே தெரியவில்லை, வேறொருவர்தான் கோடு போட்டார்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத முயன்றேன். எழுத முடியவில்லை. எழுதினால் அதுவும் முன்கூட்டிப் போட்ட சைபராகத்தான் இருக்கும். அதை நாள் வரும்போது பார்ப்போம்.

அட்டவணையில் அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டேன். 27-10-66, மாலை ஐந்தே கால், இரண்டரை அடி. கணக்கு எடுத்தவர் பெயர் என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போடவில்லை. வெள்ளைத்தாய் என்று போட்டேன். அதிகாரி யார் இது என்று கேட்டார். அன்றைக்கு ஆற்றில் நின்று அளவு சொன்னவர் என்றேன். அவர் தலையசைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஆக, காலையில் மலைமேல் வெள்ளை தெரிந்தால் மாலை நான்கரைக்கே மணலில் யாரும் இருக்கக்கூடாது. தெரிகிற அன்று படம் கைக்கு வந்தவுடன் அவசரத் தந்தி கொடுப்பேன். உங்கள் கைக்கு வர மத்தியானம் ஆகும். அதன்பிறகு செய்ய வேண்டியது உங்கள் பாடு.

முதலாளி உங்கள் சைபரைக் காட்டுவார். அதற்கு என்னால் இங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாது.

சுந்தரபாண்டி

*

கீழக்கரிசல்குளம்
26-10-1967

மாப்பிள்ளை,

செவ்வாய்க்கிழமை ஒன்றரை மணிக்குத் தந்தி வந்தது. இங்கே வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. தீபாவளிக்கு எட்டே நாள், கடைசி லோடு போக வேண்டும். மணலில் பதினேழு பேர் இருந்தார்கள்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். சங்கரலிங்கம் முதலாளி தந்தியைப் படித்துவிட்டு வெளியே வந்து வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்னவே, மாப்பிள்ளை பம்பாயில இருந்துக்கிட்டு நம்ம ஆத்துக்கு ஜோசியம் சொல்றாரா? அப்படியே வந்தாலும் ஆறரைக்குத்தானே. நீரு சொன்னதுதான? சங்குக்கு ஏறிருவாக" என்றார்.

அவரை அங்கேயே விட்டுவிட்டு ஆற்றுக்குப் போய் மணலில் இறங்கினேன். அந்தப் பெண்களுக்கு நடுவில் நின்று சொன்னேன். "போன வருசம் நான் ஆத்தையே பாக்கல. வீட்ல படுத்துக் கெடந்தேன். பாத்தேன்னு சொன்னது பொய். புத்தகத்துல இருக்கிற சைபரும் பொய். எம் பொண்டாட்டி அதைப் பாக்க வந்துதான் செத்தா. ஆட்டுக்கு வரல. தண்ணி அஞ்சு மணிக்கே வரும். ஏந்திரிங்க." பின்னாலேயே வந்த முதலாளியும் கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பஞ்சம்மாள்தான் முதலில் எழுந்தாள். என் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். "தெரியும்ணே. நீங்க சொல்லட்டும்னுதான் ஒரு வருசமா இருந்தோம்" என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு கரைக்கு நடந்தாள். மற்றவர்களும் போனார்கள். முதலாளி ஒதுங்கி வழிவிட்டார். மூன்று மணிக்கெல்லாம் மணல் காலி.

நான் கரையிலேயே நின்றேன். நான்கு ஐம்பதுக்கு வந்தது. முதலில் நுரையும் சருகும், பிறகு செம்மண் தண்ணீர். வெயில் அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்து மணிக்கு மூன்றடி ஒரு அங்குலம். இறங்காமல் கரையிலிருந்தே படித்தேன், இலக்கம் நன்றாகத் தெரிகிறது. உன் அட்டவணைக்கு எழுதிக்கொள். புதன் காலை ஒன்றே முக்கால் அடி, மாலை ஒன்று. இன்று காலை அரையடி, மாலை இரண்டு அங்குலம். எல்லாம் நானே நின்று பார்த்தது. பழைய சைபர்களைப் பற்றி ஆபீஸுக்கும் எழுதிப் போட்டுவிட்டேன். இந்த வேலை இருக்குமோ போகுமோ, தெரியாது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினேன். அடுப்படியிலிருந்து கேட்டாள். "எம்புட்டு?"

"மூணடி ஒரு அங்குலம். எல்லாரும் ஏறிட்டாக" என்றேன்.

இரண்டாவது எம்புட்டு வரவில்லை. நேற்றும் இன்றும் ஐந்தரைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றேன். யாரும் கேட்கவில்லை. வீடு சும்மா கிடக்கிறது. அவள் போய் ஒரு வருஷம் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

நாளை இருபத்தேழாம் தேதி. பதிவேட்டில் அந்த வரி காலியாக இருக்கிறது. இன்றைக்கே அதில் ஒரு சைபரை எழுதிவைத்தால் அவள் மறுபடி வந்து கேட்பாளோ என்று தோன்றியது. பேனாவை எடுத்துத் திறந்தும்விட்டேன். அந்தப் பேனாவால்தான் உனக்கு இதை எழுதுகிறேன்.

சோலைச்சாமி